ஒரே மரத்திடம் பத்து முறை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கோடையின் கடைசி நாட்களையும் இலையுதிர் காலத்தையும் எப்படிக் கழிக்கலாம் என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். 'கழிப்பது' என்ற சொல்லோடு எனக்கு ஒரு சிறு சண்டை உண்டு. எதைக் கழித்தாலும் கையில் இருப்பது குறையும். இந்தப் பருவத்தில் கொஞ்சம் கூட்டவும் வழி இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுகிறேன்.

உலா என்றதும் நாம் பையைக் கட்டுகிறோம், வண்டிக்கு அலைகிறோம், நெரிசலில் நின்று நான்கு படம் எடுத்துக்கொண்டு களைத்துத் திரும்புகிறோம். அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் இந்தப் பருவத்துக்கு அது பொருந்தாது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இந்தப் பருவம் பிடிபடாது. அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. வீட்டிலிருந்து கால்மணி நேர நடைத் தூரத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். இலை உதிர்க்கும் மரமாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை, பத்து வாரம் போய்ப் பாருங்கள். வடகோளத்தில் இருப்பவர்கள் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கலாம். தென்கோளத்தில் இருப்பவர்களுக்குப் பிப்ரவரி கடைசி.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள். நான்காம் வாரம் வாக்கில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகின்றன. வடக்கே அது செப்டம்பர் 22 அல்லது 23. அதன்பின் இரவு நீண்டுகொண்டே போகும். மரம் அந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக அறியும். இலையில் பச்சையம் சிதையத் தொடங்குகிறது. அப்போது தெரிகிற மஞ்சள், புதிதாக வந்தது அன்று. கோடை முழுவதும் பச்சைக்கு அடியில் ஒளிந்திருந்தது. சிவப்பின் கதை வேறு. பல மரங்களில் அந்தச் செந்நிறப்பொருள் இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உருவாகிறது, அதுவும் இலையில் தேங்கிய சர்க்கரையைக் கொண்டு. பகல் வெயிலாகவும் இரவு உறையாத குளிராகவும் இருந்தால் சிவப்பு ஆழமாக இருக்கும். அதனால்தான் ஒரே மரத்தில் வெயில் படும் பக்கம் சிவந்தும் நிழல் பக்கம் மஞ்சளாகவும் நிற்பதுண்டு. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் இதைப் பார்க்கலாம். ஒரே இடத்தில் நின்று படம் எடுப்பவருக்கு இது தெரியாது.

விழுந்த இலை ஒன்றை எடுத்து அதன் காம்பின் நுனியைப் பாருங்கள். பிய்ந்த மாதிரி இருக்காது. சீராக, வழவழப்பாக முடிந்திருக்கும். காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய அடுக்கு ஒன்றை வளர்த்து, மரமே இலையைப் பிரித்து அனுப்பியிருக்கிறது. அனுப்புவதற்கு முன் தழைச்சத்தில் கணிசமான பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது. காற்று அடித்து இலை விழுந்தது என்கிறோம். காற்றுக்கு அதில் பங்கு கொஞ்சம்தான். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலையின் வயதுக்கு ஒரு பெயர் வைத்த மொழி நம்முடையது. யாரோ ஒருவர் பலமுறை போய்ப் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

இப்படிப் போய்வரும்போது சட்டைப்பை சும்மா இருக்காது. இறகு, ஓட்டோடு ஒரு கொட்டை, நான்கைந்து இலை என்று சேரும். கைவேலை இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. கடையில் பெட்டியாக வாங்கி, உள்ளே இருக்கும் தாளைப் பார்த்து ஒட்டி முடிக்கும் வேலையில் எனக்கு ருசி இல்லை.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வெள்ளைப் பருத்தித் துணியைப் படிகார நீரில் ஊறவைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். பலகைமேல் துணி, துணிமேல் அப்போது பறித்த இலை, இலைமேல் ஒரு தாள். சுத்தியலின் தட்டையான முகத்தால் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் இலை கூழாகிவிடும். மெதுவாக, ஆனால் ஓயாமல், முதலில் விளிம்பு, பிறகு நடு. தாளைத் தூக்கிப் பார்த்தால் பச்சைச் சாறு துணியில் இறங்கி, நரம்புகள் வரிவரியாகத் தெரியும். சருகில் இது நடக்காது, சாறு வேண்டும். தொடர்ந்து வெயில் பட்டால் நிறம் மங்கும். மங்கினால் அடுத்த ஆண்டு இன்னொரு துணி. என் மேசை விரிப்பில் இப்போது பாதி இலைகள் பழுப்பாகிவிட்டன. மரத்தைப் போலவே அதுவும் பருவம் மாறுகிறது என்று வீட்டில் சமாளித்துவருகிறேன்.

வெயில் இன்னும் வலுவாக இருக்கும் நாட்களில் நீலப்பதிவு செய்து பார்க்கலாம். 1842இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறை இது. இரண்டு இரும்புச் சேர்மங்களைக் கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே ஒரு செடியை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். பிறகு நீரில் அலசினால் நிழல் விழுந்த இடம் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் நீலமாகவும் நிற்கும். மறு ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதித்து நூலாக்கத் தொடங்கினார். பின்னாளில் பொறியாளர்களின் ப்ளூபிரிண்ட், அதாவது நீலத்தாள் வரைபடம், வந்ததும் இதே வழியில்தான்.

தோட்டத்துக்கு வருகிறேன். பூக்கள் முடிந்ததும் தோட்ட வேலையும் முடிந்தது என்று மண்வெட்டியைக் கழுவி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். விதை எடுக்கும் காலம் அப்போதுதான் வருகிறது. செண்டுப்பூ ஒன்று செடியிலேயே காய்ந்து பழுப்பாகட்டும். அதன் அடிப்பகுதியை விரலால் பிளந்தால் ஊசி ஊசியாகக் கட்டு ஒன்று வெளியே வரும். ஒவ்வொன்றும் பாதி கறுப்பு, பாதி வைக்கோல் நிறம், சின்னஞ்சிறு தூரிகை போல. அந்தக் கறுப்புப் பாதிதான் விதை.

எடுப்பது எளிது, காப்பாற்றுவதுதான் கடினம். முதல் ஆண்டு நான் எல்லாவற்றையும் அன்றைக்கே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வைத்தேன். வசந்தத்தில் பிரித்தபோது பூஞ்சைதான் விளைந்திருந்தது. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று விதை அறிவியலில் ஒரு பழைய கணக்கு உண்டு. நன்றாக உலர்த்துங்கள், காகித உறையில் போடுங்கள், பெயரும் தேதியும் எழுதுங்கள். 'நினைவிருக்கும்' என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: இருக்காது. கலப்பின ரக விதையை எடுத்து விதைத்தால் தாய்ச்செடி போலவே பிள்ளை வரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

உதிர்ந்த சருகை எரிக்காதீர்கள். ஒரு மூலையில் குவித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஓராண்டு, இரண்டாண்டில் கரிய இலைமட்கு கிடைக்கும். பொறுமை இல்லாதவர்கள் சருகை நொறுக்கி, பச்சைக் கழிவோடு கலந்து போட்டால் சீக்கிரம் மட்கும். குளிர் கடுமையான ஊர்களில் டுலிப் கிழங்கை இப்போதே மண்ணில் புதைக்க வேண்டும். பல வாரக் குளிர் படாவிட்டால் அது ஒழுங்காகப் பூக்காது. கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழம் போதும்.

இன்னொரு வேண்டுகோள்: தோட்டத்தை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். காய்ந்த பூத்தலைகளில் பறவைகளுக்குத் தீனி இருக்கிறது. உள்ளீடற்ற தண்டுகளுக்குள் சிறு தேனீக்கள் குளிரைக் கழிக்கின்றன. அண்டை வீட்டார் ஏதாவது கேட்டால், குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

என் சட்டைப்பையில் இப்போது ஓர் உறை இருக்கிறது. இங்கே வரும் வழியில் காய்ந்த செண்டுப்பூ ஆறு, ஏழு பறித்தேன். பிளக்கவில்லை, கூட்டம் முடிந்ததும் இந்த மேசைமேல் வைத்துப் பிளப்போம். எடுத்துப்போக உறை இல்லாதவர்களுக்குப் பழைய செய்தித்தாள் கொண்டுவந்திருக்கிறேன். மடிப்பது எப்படி என்று முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் காட்டுவார்கள். மின்விசிறியை மட்டும் யாராவது நிறுத்திவிடுங்கள், விதை பறந்துவிடும்.