சக்கரத்தைச் சாய்த்து பெல்ட்டை நடுவுக்குக் கொண்டுவராதீர்கள்

வணக்கம். காரைக்குடிப் பட்டறையிலிருந்துதான் பேசுகிறேன். ஸ்டாண்டில் நிற்பது ஹார்லி ஸ்ட்ரீட் 750, தேவகோட்டைத் தம்பி ஒருவருடைய வண்டி. பின்னால் அகலமான டயர், அதற்கென்று வேறு ரிம், உயரம் குறைத்த ஷாக் என்று ஆசை ஆசையாக மாற்றியிருக்கிறார். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் செயினுக்குப் பதிலாகப் பின் சக்கரத்தைச் சுற்றுகிற இந்த பெல்ட்டைப் பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். வெளி ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது, தெரிகிறதா? பெல்ட் ஓடுகிற பல் சக்கரம், அதாவது புல்லி, அதன் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. கீழே கறுப்புத் தூள் படிந்திருக்கிறது.

ரிம் மாற்றியபோது பெல்ட் புல்லியின் நடுவில் உட்காரவில்லை. அதை நடுவுக்குக் கொண்டுவர யாரோ, சக்கரத்தின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்துகிற அட்ஜஸ்டரை ஒரு பக்கம் மட்டும் திருகியிருக்கிறார்கள். சக்கரம் லேசாகச் சாய்ந்தது, பெல்ட்டும் நடுவுக்கு வந்தது, வண்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கஸ்டம் வண்டிகளில் நான் அடிக்கடி பார்க்கிற வேலை இது. தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள்.

இதில் இரண்டு கோளாறுகள் உண்டு. ஆக்சில், அதாவது பின் சக்கரத்தின் அச்சு, முன் புல்லி இருக்கிற கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்கு இணையாக இல்லாமல் கோணலாக நிற்பது ஒன்று. ஆக்சில் நேராகத்தான் இருக்கிறது, ஆனால் பின் புல்லி முன் புல்லியின் நேர்கோட்டில் இல்லாமல் தள்ளி நிற்பது இன்னொன்று. கோணலை அட்ஜஸ்டர் சரிசெய்யும். தள்ளி நிற்பதை ஸ்பேசர்தான், அதாவது இடைவெளிக்கு வைக்கிற வளையம்தான் சரிசெய்யும். தள்ளி நிற்கிற புல்லிக்கு அட்ஜஸ்டரைத் திருகினால் அதோடு கோணலும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

எவ்வளவு கோணல் தாங்கும்? பல் வைத்த பெல்ட்டுக்கு, பெல்ட் தயாரிக்கிற கேட்ஸ் நிறுவனம் பொதுவாகச் சொல்கிற எல்லை கால் டிகிரி. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்விங்ஆர்மின் இரண்டு கைகளுக்கும் நடுவே 23 சென்டிமீட்டர் இருந்தால், கால் டிகிரி என்பது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஒரு பக்க அட்ஜஸ்டர் மற்றதைவிட 1 மில்லிமீட்டர் முன்னே நின்றாலே எல்லையைத் தொட்டுவிட்டோம். இதில் ஸ்விங்ஆர்ம் மேல் இருக்கிற கோடுகளை நம்பி எப்படி வேலை செய்வது? அதுவும் வெட்டி ஒட்டிய ஸ்விங்ஆர்ம் என்றால் அந்தக் கோட்டைப் பார்க்கவே வேண்டாம்.

நான் ஸ்விங்ஆர்ம் பிவட்டின், அதாவது அது வண்டிச் சட்டத்தில் மாட்டி ஆடுகிற அச்சின், நடுவிலிருந்து ஆக்சிலின் நடுவுக்கு அளக்கிறேன். இதோ, ஒரு கம்பி, முனையை மடக்கிக் கூராக்கியிருக்கிறேன். மேலே ஒரு ரப்பர் வளையம். கூர்முனையை பிவட் நடுவில் வைத்து, வளையத்தை ஆக்சில் நடுவுக்குத் தள்ளிவிட்டு, அப்படியே கம்பியை மறுபக்கம் கொண்டுபோகிறேன். வளையம் அங்கேயும் நடுவில் நிற்க வேண்டும். டேப்பை விட இதுதான் நம்பகம். எண்ணைப் படிக்கிற வேலையே இல்லை.

அப்புறம் கொத்தனார் நூல். பின் டயரின் இரண்டு பக்கமும் ஒட்டி முன் சக்கரம் வரை இழுத்துக் கட்டுங்கள். முன் டயர் ஒல்லி, அதனால் அங்கே இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கும், அது சமமாக இருக்க வேண்டும். சக்கர இடைவெளி ஒன்றரை மீட்டர் இருக்கிற வண்டியில் கால் டிகிரி கோணல் முன்னால் வரும்போது 6 மில்லிமீட்டருக்கு மேல் காட்டிவிடும். அட்ஜஸ்டரில் கண்ணுக்குத் தெரியாதது நூலில் பளிச்சென்று தெரியும். ஹேண்டில் மட்டும் நேராக இருக்கட்டும்.

ஆக்சில் நேராகிவிட்டது. இப்போது கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜின் நிறுத்தியபடியே, சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுகிறேன். விரல் பெல்ட் பக்கம் போகவே கூடாது. பின்னோக்கிச் சுற்றினால் பெல்ட் வேறு பக்கம் நகரலாம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முன்னோக்கிச் சுற்றும்போது விளிம்பை லேசாக உரசினால் பரவாயில்லை. அழுத்தி ஏறக் கூடாது. இதில் ஏறுகிறது, பாருங்கள். அப்படியென்றால் புல்லி தள்ளி நிற்கிறது. ஸ்பேசர் கடைய வேண்டும்.

காரைக்குடியில் லேத்துக்குப் பஞ்சமில்லை. கடைசல்காரரிடம் கனத்தை மட்டும் சொல்லாதீர்கள், இரண்டு முகமும் இணையாக இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வாங்கியதும் வெர்னியரால் நாலு இடத்தில் அளந்து பாருங்கள். முகம் சாய்வாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் புல்லி ஆடும். வாஷரை அடுக்கி ஒப்பேற்ற வேண்டாம். ஸ்பேசர் எவ்வளவு கனமோ அவ்வளவு நீளம் கூடிய போல்ட் வேண்டும், இல்லையென்றால் மரை போதுமான அளவு பிடிக்காது. டயரே பெல்ட்டை உரசுகிறது என்றால் கதை வேறு. ஆக்சில் ஸ்பேசர்களை இரண்டு பக்கமும் மாற்றி, சக்கரத்தை மொத்தமாக நகர்த்த வேண்டும், கூடவே பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கிற காலிப்பரையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும்.

டென்ஷன் கடைசியில்தான். நம்மூர் வெயிலில் ஓடிவந்த வண்டியில் பார்க்காதீர்கள். சூட்டில் அலுமினியப் புல்லி விரிந்து பெல்ட் இறுகும். காலையில், வண்டி ஆறியிருக்கும்போது, கீழ்ப்பக்கப் பெல்ட்டின் நடுவில் கொக்கித் தராசை மாட்டி நாலரைக் கிலோ விசையில் இழுங்கள். எவ்வளவு நகர வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றி, எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கேதான் அளக்க வேண்டும். ஷாக் மாற்றிய வண்டியில் இன்னொன்றும் உண்டு: கியர்பாக்ஸ் ஷாஃப்ட், பிவட், ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் பெல்ட் உச்சமாக இறுகும். அந்த நிலையிலும் இடம் மிச்சம் இருக்க வேண்டும். மிகவும் இறுக்கினால் பேரிங் போகும். தளர்ந்தால் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது பல் தாண்டும்.

இன்னொரு விஷயம், அழகுக்காகப் பெல்ட்டுக்குக் கீழே மறைப்பாக இருக்கிற கார்டைக் கழற்றி வைத்திருக்கிறார் தம்பி. பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் செம்மண் தடத்தில் இறங்கினால் ஒரு சரளைக் கல் போதும், பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே புகுந்து ஓட்டை போட்டுவிடும். கார்டை மாட்டித்தான் கொடுப்பேன். புதுப் பெல்ட்டை யாரும் மடக்கிப் பையில் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கிற இழை முறிந்தால் வெளியே தெரியாது.

ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சில் புத்தகம் சொல்கிற அளவுக்கு இறுக்கிய பிறகு, கம்பியையும் தராசையும் மறுபடி வையுங்கள். இறுக்கும்போது ஆக்சில் நகர்வது சகஜம். எல்லாம் ஒத்துவந்தால் புது ஸ்பிளிட் பின் போட்டு, குன்றக்குடி வரை ஓட்டிவிட்டு வந்து, வண்டி ஆறிய பிறகு பெல்ட் ஓரத்தை இன்னொரு தடவை பாருங்கள். உங்கள் வண்டியில் பெல்ட் எந்தப் பக்கம் ஏறுகிறது, என்ன டயர் போட்டிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், அளவோடு எழுதினால் ஸ்பேசர் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.