காலிலும் நாடி பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாடி பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் கையைத்தான் நீட்டுகிறோம். காலிலும் நாடி துடிக்கிறது. கேட்டுக்கொண்டே தொட்டுப் பாருங்கள். கணுக்காலின் உட்புறம் துருத்தி நிற்கும் எலும்புக்கும் குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நாணுக்கும் நடுவில், இரண்டு மூன்று விரல்களை லேசாக வையுங்கள். அழுத்தினால் துடிப்பு அடங்கிவிடும். இன்னொரு நாடி பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலை நோக்கி வரும் நாணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இது கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் உடனே பயப்பட வேண்டாம். நல்ல ஆரோக்கியமான சிலருக்கே அது தெரியாது.

இந்த இரண்டுக்கும் ரத்தம் எங்கிருந்து வருகிறது? தொடையிலிருந்து இறங்கும் பெரிய தமனி முழங்காலின் பின்பக்கக் குழிவழியாக வந்து, அதற்குச் சற்றுக் கீழே பிரிகிறது. ஒரு கிளை, முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளுக்கும் இடையிலுள்ள சவ்வின் மேற்பகுதியில் இருக்கும் இடைவெளியில் நுழைந்து காலின் முன்புறம் போகிறது. பாதத்தின் மேல் துடிப்பது அதன் தொடர்ச்சிதான். இன்னொன்று கெண்டைச் சதைக்குள்ளேயே இறங்கி உட்கணுக்காலுக்குப் பின்னால் வருகிறது. மூன்றாவது, வெளிப்புறத்துச் சிறிய எலும்பை ஒட்டி ஓடுவது. புற்றுநோயால் தாடை எலும்பை இழந்தவர்களுக்கு இந்தச் சிறிய எலும்பில் ஒரு துண்டை அதன் தமனியோடு எடுத்துத் தாடையாகப் பொருத்துகிறோம். மற்ற இரண்டு தமனிகளும் நன்றாக இருந்தால் பாதத்துக்கு ரத்தம் குறையாது. அதனால்தான் முன்கூட்டியே அவற்றைச் சோதித்துவிடுகிறோம்.

சரி, இந்தக் கால் தமனிகளில் வரும் அடைப்புக்கு வருவோம். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். "வயசாயிடுச்சு டாக்டர்" என்று அவர்களே காரணமும் சொல்லிவிடுவார்கள். எனக்கு வருத்தம் தருவது இந்தப் பேச்சுதான். முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அது பெரும்பாலும் உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் அடங்கும். நின்றாலே அடங்குகிற வலி என்றால் தமனியைச் சந்தேகிக்க வேண்டும். கெண்டைக்கால்தான் வலிக்கும், அடைப்போ பல சமயம் தொடையில் இருக்கும்.

புகைப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்த ஆபத்து அதிகம். சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகளே அதிகம் கெடும். நரம்பும் மரத்துப்போவதால் வலியே இல்லாமல் விரலில் புண் வந்து நிற்கும். ஆகவே இவர்கள் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் போனதும் காலுறையைக் கழற்றிவிட்டு, கால் நாடியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்போம். 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று அர்த்தம். தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் இந்த எண் பொய்யாகக் கூடிவிடும். அப்போது பெருவிரலில் அழுத்தம் அளப்போம்.

ஆரம்பநிலை என்றால் புகையை நிறுத்துவதும், மாத்திரையும், நடையுமே சிகிச்சை. வலிக்கும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடப்பது. மாதக்கணக்கில் விடாமல் செய்தால் நடக்கும் தூரம் கூடும். ஆனால் படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, காலைத் தொங்கப்போட்டால்தான் தேவலை என்ற நிலை வந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது. அப்புறம், கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிடாதீர்கள். சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் தசை சாகத் தொடங்கும். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.