நலம் விசாரிக்க ஒருவர்

அவையோர்க்கு வணக்கம்.

பள்ளிக்கு மட்டம் போட ஒருமுறைகூட வயிற்றுவலி என்று சொல்லாதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். ஒருவரும் இல்லையா? நல்லது, நானும் உங்கள் கட்சிதான்.

நம் வயிற்றுவலிக்கு ஒரு கூலி இருந்தது. விடுமுறை கிடைத்ததும் வலி பறந்துவிடும். காப்பீட்டுப் பணத்துக்காக நோயாளி வேடம் போடுகிறவரும் அப்படித்தான். காரியம் முடிந்தால் எழுந்து போய்விடுவார். நான் பேச வந்தது வேறொருவரைப் பற்றி. அவரும் இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டோ, தானே நோயை வரவழைத்துக்கொண்டோ மருத்துவமனைக்கு வருகிறவர்தான். ஆனால் அவர் பணம் கேட்பதில்லை, விடுப்பும் கேட்பதில்லை. வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், தயங்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவார்.

1951ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 'லான்செட்' இதழில் இவர்களைப் பற்றி எழுதினார். மருத்துவமனை மாற்றி மருத்துவமனை போவார்கள். வயிற்றில் தழும்புமேல் தழும்பு. கட்டுக்கதைகளுக்குப் பேர்போன ஜெர்மானியப் பிரபு முன்சாசனின் பெயரை இந்நோய்க்கு வைத்தார் ஆஷர். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கதையில் வரும் பிரபு வாயால் அளந்ததோடு சரி. இவர்கள் கத்திக்கடியில் போய்ப் படுக்கிறார்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். ரத்தச் சர்க்கரை இறங்கி ஒருவர் மயங்கி விழுகிறார். குளுக்கோஸ் ஏற்றித் தேற்றுகிறார்கள். விடியற்காலையில் மறுபடி மயக்கம். கணையத்தில் கட்டியோ என்று சந்தேகம். பரிசோதித்தால் ரத்தத்தில் இன்சுலின் எக்கச்சக்கமாக இருக்கிறது, சி-பெப்டைடு அடிமட்டத்தில் கிடக்கிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது சி-பெப்டைடையும் கூடவே வெளியிடும். ஊசி மருந்தில் அது கிடையாது. யாரும் பார்க்காத நேரத்தில் அவரே ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஊசி போட்டது அவருக்குத் தெரியும். ஏன் போட்டோம் என்பதுதான் அவருக்கே விளங்குவதில்லை. அதே 1951ல் டால்காட் பார்சன்ஸ் என்ற சமூகவியலாளர், நோயாளி என்பதும் சமூகம் தரும் ஒரு வேடம் என்றார். நோயாளிக்குக் கடமைகளிலிருந்து விலக்கு உண்டு; நோய்க்காக யாரும் அவரைக் குறை சொல்வதில்லை; பதிலுக்கு அவர் குணமாக முயல வேண்டும். நம் ஆள் சலுகைகளை வாங்கிக்கொண்டு கடைசி நிபந்தனையை மட்டும் மறந்துவிடுகிறார். இவர்களில் பலருடைய குழந்தைப் பருவத்தைக் கிளறினால் புறக்கணிப்போ வதையோ தென்படுகிறது. காய்ச்சல் வந்தால் மட்டும் நெற்றியில் ஒரு கை வந்து படியும் வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்?

குழந்தைக்கே நோயை உண்டாக்கி மருத்துவமனைக்குத் தூக்கிவரும் பெற்றோரும் உண்டு. 1977ல் ராய் மெடோ என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். இங்கே என் அனுதாபம் நின்றுவிடுகிறது. அது குழந்தை வதை. முதலில் குழந்தையைக் காப்பாற்ற வேண்டும், மனோதத்துவம் பிறகு.

தனக்குத்தானே நோய் செய்துகொள்கிறவரைக் கையும் களவுமாகப் பிடித்தால் என்ன ஆகும்? ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு. கோபித்துக்கொண்டு வெளியேறி, வேறொரு மருத்துவமனையில் வேறொரு கதையுடன் படுத்துக்கொள்வார். அதனால் அனுபவமுள்ள மருத்துவர்கள் குற்றப்பத்திரிகை வாசிப்பதில்லை. "ரொம்ப நாளாகக் கஷ்டப்பட்டிருக்கிறீர்கள். மாதம் ஒருமுறை வந்து என்னைப் பாருங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் வாருங்கள்" என்கிறார்கள். சிலர் வருகிறார்கள். பாதியில் காணாமல் போகிறவர்களும் நிறைய.