களத்துமேட்டில் ஒரு பேரரசு

நேயர்களுக்கு வணக்கம். கதைக்காக ஒரு பேரரசைக் கற்பனை செய்பவர்கள் பெரும்பாலும் அரியணையில் ஆரம்பிக்கிறார்கள். களத்துமேட்டில் ஆரம்பியுங்கள் என்பேன் நான்.

அறுப்பு முடிந்து தானியம் குவிந்து கிடக்கிறது. வரி வாங்க ஆள் வந்துவிட்டார். ஆறில் ஒரு பங்கு என்பது சட்டம். சரி, எப்படி அளப்பது? தலைதட்டியா, கோபுரமாகக் குவித்தா? குவித்து அளந்தால் மரக்காலுக்கு ஒரு கை தானியம் கூடப் போகும். சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. ஆனால் அடுத்த அறுப்புக்கு முன்பே அந்த வீட்டுக் குதிர் காலியாகிவிடும். அந்த ஒரு கை தானியத்தைக் காட்டினாலே போதும், உங்கள் பேரரசு எப்படிப்பட்டது என்று வாசகருக்குப் புரிந்துவிடும்.

நிஜ வரலாற்றில் வரி வாங்கப் பல வழிகள் இருந்தன. தென் அமெரிக்காவின் இன்கா பேரரசில் காசுப் புழக்கம் இல்லை. வரியை உழைப்பாகவே வாங்கினார்கள். சாலை போட, அரசு நிலத்தில் பாடுபட, படைக்குப் போக என்று முறைவைத்து ஆள் அனுப்ப வேண்டும். கணக்கெல்லாம் முடிச்சுப் போட்ட கயிறுகளில் இருந்தது. ரோமானியக் குடியரசு பல மாகாணங்களின் வரி வசூலை ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்துக்கு மேல் கறந்தால்தானே அவருக்கு லாபம்? துருக்கியரின் ஒட்டோமான் அரசோ ஓர் ஊரின் வருவாயையே குதிரைவீரனுக்கு ஒதுக்கியது. அதில் அவன் பிழைத்துக்கொள்ளலாம். போர் வந்தால் குதிரையும் ஆயுதமுமாக வந்து நிற்க வேண்டும்.

படைபலம் மட்டும் போதாதா என்று கேட்கலாம். ஊருக்கு நாலு வீரர்களை நிறுத்திப் பாருங்கள். வசூலான தானியம் அவர்கள் சாப்பாட்டுக்கே சரியாகப் போய்விடும். அதனால்தான் மதச்சட்டம் தேவைப்படுகிறது. கொடுக்காவிட்டால் பாவம் என்று குடியானவர் நம்பிவிட்டால் வாளை உருவ வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சட்டம் அரசனையும் கட்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இஸ்லாமியப் பேரரசை உமையா வம்சத்தார் ஆண்ட காலத்தில், இஸ்லாத்தில் சேர்ந்தவர்களிடமும் பல இடங்களில் ஜிஸ்யா என்ற தலைவரியைத் தொடர்ந்து வாங்கினார்கள். அது முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உரிய வரி. மதம் மாறியவர்களை விட்டுவிட்டால் கஜானா என்னாவது என்பது அதிகாரிகளின் கவலை. 717 முதல் 720 வரை ஆண்ட கலீஃபா இரண்டாம் உமர், அவர்களிடம் அதை வாங்கக் கூடாது என்று உத்தரவிட்டார்.

உங்கள் பேரரசிலும் இப்படி ஒரு முடிச்சைப் போடுங்கள். விதைத் தானியத்தைத் தொடக்கூடாது என்பது வேதத்தின் கட்டளை. அந்த வருஷம் மழை இல்லை. களத்தில் கிடப்பது விதைக்கு மட்டுமே தேறும். மரக்காலோடு அதிகாரி நிற்கிறார். பக்கத்தில் மூன்று மாதமாகச் சம்பளம் வாங்காத வீரன். அளக்கலாமா என்று எல்லோரும் பூசாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கும் படி அளப்பது அதே கஜானாதான்.