வயர்லெஸ் மைக்கும் ஒரு முழம் கம்பியும்

நேயர்களுக்கு வணக்கம்.

வயர்லெஸ் மைக்கை வயர்லெஸ் ஸ்பீக்கரோடு இணைப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். விழாக்களுக்கு மைக் செட் பார்ப்பதில் ரொம்பக் காலமாக ஈடுபாடு உள்ளவன் நான். மேடையில் ஒருவர் பேசுவது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்டால் எனக்கு மனம் நிறைந்துவிடும். அதனால் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்வேன்.

கேள்வி எப்போதும் ஒரே மாதிரிதான் வரும். "மைக்கும் ப்ளூடூத், ஸ்பீக்கரும் ப்ளூடூத். இரண்டையும் ஆன் பண்ணிப் பக்கத்தில் வைத்தாயிற்று. ஏன் கனெக்ட் ஆக மாட்டேன் என்கிறது?"

பாதியில் வேலையாக எழுந்து போகிறவர்களுக்காக விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசுபவரின் கையிலிருந்து ரிசீவர், அதாவது மைக் அனுப்புகிற குரலை வாங்கிக்கொள்ளும் பெட்டி, அது வரைக்கும் குரல் காற்றில் வரட்டும். ரிசீவரிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு முழம் கம்பி போட்டுவிடுங்கள். பேசுபவர் நடமாடுவார், அவருக்குக் கம்பி இடைஞ்சல். ரிசீவரும் ஸ்பீக்கரும் நடமாடப் போவதில்லை, இருந்த இடத்தில்தான் இருக்கும். அவற்றுக்கு நடுவில் எதற்குக் காற்று?

சரி, முதலில் ஏன் சேரவில்லை என்று பார்ப்போம். ப்ளூடூத் வேலை 1994இல் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கியது. கைப்பேசிக்கும் அதோடு சேர்ந்த காதில் மாட்டும் கருவி மாதிரியான துணைச் சாமான்களுக்கும் நடுவில் இருக்கும் கம்பியை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். முதல் பதிப்பு 1999இல் வந்தது. அதாவது, நடுவில் ஒரு கைப்பேசி இருக்கும், அதுதான் மற்றவற்றைக் கூப்பிட்டு இணைக்கும் என்ற எண்ணத்திலேயே அது வளர்ந்தது. உங்கள் ஸ்பீக்கர் 'யாராவது பாட்டு அனுப்பினால் வாங்கிக்கொள்கிறேன்' என்று காத்திருக்கிற சாதனம். ப்ளூடூத் மைக்கும் பெரும்பாலும் 'போன் என்னைக் கூப்பிடட்டும்' என்று காத்திருக்கிற சாதனம்தான். இரண்டு வீட்டுக்காரர்களும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விருந்தாளிக்குக் காத்திருந்தால், யார் யார் வீட்டுக்குப் போவது? சாதனத்தில் பழுது எதுவும் இல்லை. கிளம்பி வருவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதிலேயே இன்னொரு குழப்பம் உண்டு. பாட்டுப் பாடுவதற்கென்று, கைப்பிடியிலேயே குட்டி ஸ்பீக்கர் வைத்த ப்ளூடூத் மைக் ஒன்று விற்கிறார்களே, அதைப் பலர் வாங்கிவிட்டு என்னிடம் வருவார்கள். அதில் ப்ளூடூத் இருப்பது உண்மை. ஆனால் அது போனிலிருந்து பின்னணி இசையை உள்ளே வாங்குவதற்காக இருக்கிறது. உங்கள் குரலை வெளியே அனுப்புவதற்காக இல்லை. அப்புறம், சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன மைக்குகள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. அவற்றின் ரிசீவர் போனின் சார்ஜ் துளையில் செருகுகிற மாதிரி இருக்கும். ஸ்பீக்கரிலும் அதே வடிவத்தில் துளை இருக்கிறதே என்று அதில் செருகிப் பார்ப்பார்கள். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் அந்தத் துளை சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டும்தான். குரல் அந்த வழியாகப் போகாது.

இங்கே ஒரு புத்திசாலி நேயர் கேட்பார்: "ஆள் இல்லை என்றால் நடுவில் போனையே வைத்துவிடலாமே? மைக் போனுக்கு, போன் ஸ்பீக்கருக்கு." வைக்கலாம். அதற்கென்று செயலிகளும் உண்டு. இல்லையென்றால் மைக் ரிசீவரின் பின்னால் ஒரு சின்ன ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரை, அதாவது ஒலியை ப்ளூடூத்தில் அனுப்பும் கருவியைச் செருகி, அதை ஸ்பீக்கரோடு சேர்க்கலாம். சத்தம் வரும். ஆனால் தாமதமாக வரும். நான் இன்று பேச வந்ததே இந்தத் தாமதத்தைப் பற்றித்தான், அதனால் இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பேச அனுமதியுங்கள்.

இந்த நிகழ்ச்சியை எஃப்.எம். பெட்டியில் சிலர் கேட்கிறீர்கள், போனில் செயலி வழியாகச் சிலர் கேட்கிறீர்கள். ஒரே வீட்டில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். பெட்டியில் ஒரு சொல் வந்து பல விநாடிகள் கழித்துத்தான் போனில் அதே சொல் வரும். எஃப்.எம். ஒலிபரப்பு காற்றில் வருகிற வேகத்தில் நேராகக் காதுக்கு வந்துவிடுகிறது. செயலியில் அப்படி இல்லை. ஒலியைத் துண்டு துண்டாக்கி, சுருக்கி, பொட்டலம் கட்டி அனுப்பி, வழியில் ஒன்றிரண்டு தொலைந்தாலும் சமாளிக்கக் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு, பிறகுதான் பாட விடுகிறார்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கரும் இதையேதான் சின்ன அளவில் செய்கிறது. சாதாரணமாக ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரை தாமதம் இருக்கும். பாட்டுக் கேட்கும்போது அது யாருக்கும் தெரியாது. பாட்டு எப்போது கிளம்பியது என்று யார் பார்த்தார்கள்? படம் பார்க்கும்போதும் தெரிவதில்லை, ஏனென்றால் போன் படத்தையும் அதே அளவுக்குப் பிடித்து வைத்துக் காட்டுகிறது. ஆனால் எதிரே நின்று பேசுகிற மனிதரின் வாயை யாரால் பிடித்து வைக்க முடியும்? வாய் முன்னால் போகும், சத்தம் பின்னால் வரும்.

கேட்பவருக்கு அது சிரமம். பேசுபவருக்கோ பெரிய துன்பம். நாம் பேசும்போது நம் குரலை நாமே கேட்டுக்கொண்டுதான் பேசுகிறோம். அந்தக் குரல் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்துத் திரும்பி வந்தால் நாக்கு தடுமாறும், சொற்கள் இழுபடும், சிலருக்குத் திக்கும். பெர்னார்ட் லீ என்பவர் 1950இல் இதைப் பதிவு செய்து எழுதினார். அதற்கு வெகுகாலம் கழித்து கசுதாகா குரிஹாரா, கோஜி சுகாடா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள், ஒருவர் பேசுவதைச் சற்றுத் தாமதித்து அவர் காதுக்கே திருப்பி அனுப்பிப் பேச்சை நிறுத்த வைக்கும் கருவியைச் செய்தார்கள். 2012இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு அது. ஒருவரைப் பேசவிடாமல் செய்வதற்காக அவர்கள் பயன்படுத்திய தாமதத்தை, ஒருவரைப் பேச வைப்பதற்காகக் கூட்டிய மேடையில் நாம் வைத்துவிடுகிறோம். இதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

ஒரு பணி ஓய்வுப் பாராட்டு விழா. ஓய்வு பெறுகிறவர் ஆசிரியர். காலமெல்லாம் வகுப்பில் குரலை வைத்தே வாழ்ந்தவர், எந்தக் கூட்டத்திலும் தங்குதடையில்லாமல் பேசக்கூடியவர். நான் விருந்தினராகக் கீழே உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் கையில் இருந்த தாளைப் பார்த்து இரண்டு வார்த்தை வாழ்த்திவிட்டு இறங்கிவிட்டார்கள். இவர் முறை வந்தது. "அன்பு நண்பர்களே" என்று தொடங்கினார். நின்றார். மறுபடி தொடங்கினார். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொன்னார். நடுவில் மைக்கை இறக்கிவிட்டு வெறுமனே நின்றார். சபையில் இருந்தவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிவைத் தாங்க முடியாமல் தொண்டை அடைக்கிறது என்று நினைத்தார்கள். அவர் மகள்கூட என் பக்கம் குனிந்து, "அப்பா உடைந்துபோய்விட்டார் மாமா" என்றாள்.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு மூடிய பிறகு சொல் வந்தது. உடனே மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மைக் ரிசீவரில் ஒரு ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர், அதிலிருந்து காற்று வழியாக ஸ்பீக்கர். இரண்டும் ஒரே மேசையில், கைக்கெட்டும் தூரத்தில்! ஒலி அமைப்புப் பார்த்த தம்பியிடம் ஒரு கேபிள் கேட்டேன், அவர் பையிலேயே இருந்தது. செருகினோம். ஆசிரியர் மறுபடி "அன்பு நண்பர்களே" என்றார். குரல் கூடவே வந்தது. அதற்கப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. பழைய மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யார் எந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்பது வரைக்கும் சொன்னார். அந்த மனிதர் உடைந்துபோகவில்லை. அவர் குரலை அவரிடமிருந்து பிரித்து வைத்திருந்தோம்.

இப்போதுதான் ரேடியோவைப் போட்டவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்: மைக்கிலிருந்து ரிசீவர் வரை காற்று, ரிசீவரிலிருந்து ஸ்பீக்கர் வரை கம்பி. இந்தக் கம்பி முறையில் தாமதம் எவ்வளவு என்றால், யு.எச்.எஃப். அலைவரிசையில் இயங்கும் பழைய பாணி அனலாக் மைக்கில், அதாவது குரலை எண்களாக மாற்றாமல் அப்படியே அனுப்பும் மைக்கில், இல்லவே இல்லை என்று சொல்லலாம். டிஜிட்டல் மேடை மைக்குகளில் சில மில்லி விநாடிகள் இருக்கும். ஒலி ஒரு மீட்டர் கடக்கவே சுமார் மூன்று மில்லி விநாடி ஆகிறது. ஆக, ஸ்பீக்கரை இரண்டு எட்டு தள்ளி வைத்த மாதிரிதான், காதுக்குத் தெரியாது. குறைந்த தாமதம் என்று சொல்லி விற்கிற ப்ளூடூத் வகைகளும் உண்டு. 2020இல் அறிவித்த எல்.இ. ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி முறை இந்த விஷயத்தில் நல்ல முன்னேற்றம். ஆனால் அனுப்புகிற பக்கமும் வாங்குகிற பக்கமும் ஒரே வகையைப் புரிந்துகொண்டால்தான் பலன். ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் இரண்டும் பழைய முறைக்கே திரும்பிவிடும்.

சரி, கம்பி. ஸ்பீக்கரின் பின்னால் தடவிப் பாருங்கள். தடித்த பின் செருகுகிற துளை, அதன் பக்கத்தில் மைக் என்ற எழுத்து, தனி வால்யூம் திருகு, இவை இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ரிசீவரிலிருந்து நேரே அங்கே செருகுங்கள். போனிலிருந்து பாட்டும் வரும், மைக்கும் வரும், இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். அது இல்லாமல் வெளியிலிருந்து கம்பி வழியாக ஒலியை வாங்குகிற ஆக்ஸ் என்ற சின்னத் துளை மட்டும் இருந்தாலும் வேலை நடக்கும். ஆனால் சில ஸ்பீக்கர்களில் ஆக்ஸில் கம்பி செருகியதும் ப்ளூடூத் பாட்டு நின்றுவிடும். பாட்டும் பேச்சும் சேர்ந்து வேண்டும் என்றால் நடுவில் ஒரு சின்ன மிக்ஸர், அதாவது பல ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் பெட்டி, தேவைப்படும்.

ரிசீவர் இல்லாத சாதாரணக் கம்பி மைக்கை நேராக ஆக்ஸில் செருகினால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி சன்னமாக இருக்கும். மைக்கின் மின் அழுத்தம் சில மில்லி வோல்ட்தான். ஆக்ஸ் எதிர்பார்ப்பது ஏறக்குறைய அதைப்போல் நூறு மடங்கு. வயர்லெஸ் ரிசீவரில் இந்தக் கவலை குறைவு, அதற்குள்ளேயே பெருக்கி இருக்கிறது. சிலவற்றில் 'மைக்', 'லைன்' என்று ஒரு சின்ன விசையும் இருக்கும். ஆக்ஸுக்குப் போகும்போது லைன் பக்கம், மைக் துளைக்குப் போகும்போது மைக் பக்கம்.

இன்னொன்று, அனுபவசாலிகளும் திணறுகிற இடம். ரிசீவரில் மூன்று முள் வைத்த வட்டத் துளை இருக்கும், எக்ஸ்.எல்.ஆர். என்பார்கள். அதிலிருந்து ஆக்ஸுக்குப் போகிற கேபிளில் ஒரு வகை, ஒரே குரலை நேராக இடது பக்கமும் தலைகீழாக வலது பக்கமும் அனுப்பும். ஹெட்போனில் கேட்டால் குரல் வரும். ஆனால் இடதையும் வலதையும் ஒன்றாகக் கூட்டிப் பாடுகிற ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். விளக்கெல்லாம் எரியும், சத்தம் மட்டும் வராது. மைக் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தடித்த ஒற்றை மோனோ பின்னிலிருந்து கிளம்பி, ஆக்ஸ் பக்கத்தில் இடதுக்கும் வலதுக்கும் ஒரே குரலைத் தருகிற கேபிளை மாற்றிப் பாருங்கள்.

ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து 'கூ' என்று ஊளையிடுவது பற்றியும் நிறையப் பேசலாம் என்று வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். ஸ்பீக்கரைப் பேசுபவருக்கு முன்னால், சபையைப் பார்த்து வையுங்கள். மைக் அதற்குப் பின்னால் இருக்கட்டும். வால்யூமைக் கூட்டுவதற்கு முன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வரச் சொல்லுங்கள், தூரம் பாதியானால் குரல் ஆறு டெசிபல் கூடும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் ஊளை அதிகமாகும். கைப்பிடியின் அடிப்பகுதியைப் பொத்தினால், பல மைக்குகளில் அங்கேதான் ஆன்டெனா இருப்பதால், சத்தம் விட்டு விட்டு வரும்.

அலைவரிசை பற்றி ஒரே ஒரு சொல். பழைய மைக் வாங்குகிறவர்கள் அது எந்த மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது என்று கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் 2010இல் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலும், 2020இல் 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியிலும் இப்படிப்பட்ட மைக்குகளைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆகிவிட்டது, கைப்பேசிச் சேவைக்கு அந்த இடம் போய்விட்டது. உங்கள் நாட்டில் எந்தப் பட்டை அனுமதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மைக் வைத்தால் இரண்டும் வேறு வேறு சேனலில் இருக்க வேண்டும். பேட்டரியை விழா தொடங்குமுன் மாற்றிவிடுங்கள், பாதி தீர்ந்தது போதும் என்று விட வேண்டாம்.

நேரம் முடிந்தது என்கிறார்கள். கேபிளை மறக்காமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.