நீல ஊற்றுக்குப் போகும் வழி

நண்பர்களே, மாணவ மாணவியரே, வணக்கம்.

வாசகர் வட்டத்தில் ஒரு பயணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒன்றரை மணி நேர நடை. அந்த நடை போய்ச் சேரும் இடத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. நிலத்தடி நீர் என்ற பாடத்தை முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான். அந்தப் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டிய நீர் என் காலடியில் வந்து நின்றதை அங்கேதான் பார்த்தேன். அதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேசுகிறேன்.

இடம் நியூசிலாந்தின் வடதீவு. ஹாமில்டன் நகரில் என் மகள் இருக்கிறாள். அங்கிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் புட்டாருரு என்னும் சிற்றூர். பெயரின் கடைசியில் வரும் 'ரூரு' என்பது, அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில், அங்கே வாழும் ஒரு சிறு ஆந்தையின் பெயர். சுற்றிலும் பைன் தோப்புகள், பால் பண்ணைகள், அலையலையாய்ப் புல்மேடுகள். அந்த ஊருக்கு வெளியே வைஹோ ஆற்றின் கரையோரமாக 4.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை போகிறது. ஒரு முனை ஒயிட்ஸ் சாலை, மறு முனை லெஸ்லி சாலை. வை என்றால் நீர், ஹோ என்றால் புதியது. புதுநீர் என்று நாம் சொல்லலாம். நம் ஆற்றில் புதுப்புனல் வரும் நாளை ஆடிப்பெருக்காகக் கொண்டாடுகிறோமே, அங்கே ஆண்டின் எல்லா நாளும் புதுநீர்தான்.

ஆற்றின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் 1769 நவம்பரில் இந்த ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்து, படகில் உள்ளே போய்ப் பார்த்து, லண்டன் நகரத்து ஆற்றை நினைத்துக்கொண்டு தேம்ஸ் என்று பெயர் வைத்தார். கடலோரத்தில் தேம்ஸ் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. ஆறு தன் மாவோரிப் பெயருக்குத் திரும்பிவிட்டது. கீழே பேரோவா என்ற ஊரில் ஓஹினேமூரி என்ற ஆறு இதோடு கலக்கிறது. தங்கச் சுரங்கங்கள் ஓடிய காலத்தில், 1895-இல், அந்த ஓஹினேமூரியை அரசே சுரங்கக் கழிவு விடும் வாய்க்கால் என்று அறிவித்தது. இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போன்ற நீர் பிறக்கும் அதே ஆற்றின் கீழ்ப்பகுதிக்குச் சேற்றை அனுப்பச் சட்டம் போட்டவர்களும் மனிதர்கள்தான்.

நாங்கள் போனது ஏப்ரல் மாதம். அங்கே அது இலையுதிர் காலம். மகள், மருமகன், ஒன்பது வயதுப் பேத்தி, நான். ஒயிட்ஸ் சாலைப் பக்கம் காரை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினோம். முதலில் திறந்த புல்வெளி. பண்ணைகளின் வேலிக்கும் ஆற்றுக்கும் நடுவே பாதை. ஒரு பக்கம் மாடுகள் மேய்கின்றன. மறு பக்கம் ஆறு. வேலிக்கு இந்தப் பக்கம் கரை நெடுகத் தாழைபோல் நீண்ட இலைகளுடன் ஹரகேகே புதர்கள் நிற்கின்றன. அந்த இலையைக் கிழித்து நாரெடுத்து மாவோரி மக்கள் கூடையும் பாயும் கயிறும் முடைந்தார்கள்.

வைஹோ அகலமான ஆறு அல்ல. நம் ஊர்ப் பாசன வாய்க்கால் அளவுதான் அகலம். ஆனால் வேகம். சத்தம் போடாத வேகம். அடியில் நீர்ச்செடிகள் ஓட்டத்தின் திசைக்கு நீண்டு படுத்து, காற்றில் நெற்பயிர் அசைவதைப்போல் அசைகின்றன. ஒவ்வொரு தண்டும் தனித்தனியாகத் தெரிகிறது. நிழலை வைத்துத்தான் அங்கே ஆழத்தைக் கணிக்க முடிகிறது. மேலே மிதப்பதாக நான் நினைத்த மீன் உண்மையில் அடிமணலை ஒட்டி நின்றது. அதன் நிழல் அதற்கு மிக அருகில் விழுந்திருந்ததைப் பேத்திதான் கண்டுபிடித்துச் சொன்னாள். அது டிரௌட் மீன். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம்.

பாதை சில இடங்களில் சதுப்பு நிலத்தின் மேல் மரப்பாலமாகப் போகிறது. சில இடங்களில் ஆறு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிச் சிறு அருவிகளாக இறங்குகிறது. பிறகு காட்டு நிழல். தென்னையளவு தண்டு விட்ட மரப்பெரணிகள் தலைக்கு மேல் குடை பிடிக்கின்றன. அந்த நிழலுக்குள் ஒரு சின்னக் குருவி எங்களோடு கூடவே வந்தது. கிளைக்குக் கிளை தாவி, வாலை விசிறிபோல் விரித்து மடக்கி, ஒரு கை நீளத்தில் நின்று எங்களைப் பார்த்தது. மாவோரி மொழியில் அதற்குப் பீவகவக என்று பெயர். அன்பால் வருகிறது என்று பேத்தி நம்பினாள். நாம் நடக்கும்போது எழும் பூச்சிகளைப் பிடிக்கத்தான் அது வருகிறது. நம் தோப்புகளில் இருக்கும் விசிறிவால் ஈபிடிப்பானுக்கு அது நெருங்கிய உறவு. அதைச் சொன்னதும் அவளுக்கு இன்னும் மகிழ்ச்சியாகிவிட்டது.

லெஸ்லி சாலை முனையை நெருங்கும்போது ஊற்று வருகிறது. பெரிய தடாகத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் சற்றே திகைப்பார்கள். மரத்தளம் போட்டுக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் மரங்களுக்கு நடுவே ஒரு நீலம். வானத்தின் பிரதிபலிப்பு என்றுதான் முதலில் நினைப்போம். நாங்கள் போன அன்று வானம் மூடியிருந்தது. சாம்பல் நிறம். தண்ணீர் நீலமாகவே இருந்தது. அதற்குள் பச்சைச் செடிகள், கீழே வெளிர்மணல். நீர் இருக்கிறதா இல்லையா என்று கண் தடுமாறுகிறது. ஓர் இலை விழுந்து நகரும்போதுதான் நீர்ப்பரப்பு எங்கே இருக்கிறது என்று தெரிகிறது.

நீலம் எங்கிருந்து வருகிறது? மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீர் நிறமற்றது என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒரு டம்ளர் அளவுக்கு அது சரி. பல மீட்டர் நீரினூடே ஒளி போய் வரும்போது சிவப்பு நிறத்தை நீர் உறிஞ்சிக்கொள்கிறது. நீலமும் பச்சையும் எஞ்சுகின்றன. சாதாரண ஆற்றில் மண்துகளும் பாசியும் மக்கிய இலைச் சாறும் இந்த நிறத்தை மறைத்துவிடுகின்றன. இங்கே மறைக்க ஏதுமில்லை. வேறெதுவும் கலக்காத நீர் தன் சொந்த நிறத்தில் நிற்கிறது.

இந்தத் தெளிவு அந்த இடத்தில் உண்டானது அல்ல. கிழக்கே மமாக்கு என்றொரு பீடபூமி. சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன் ரோட்டருவா எரிமலை வெடித்தபோது நெருப்பும் சாம்பலும் படுக்கையாகப் பரவி இறுகி உண்டான பாறை அது. வெடிப்பும் விரிசலும் நிறைந்தது. மமாக்குவில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஓடையாக ஓடுவதற்குள் பாறைக்குள் இறங்கிவிடுகிறது. இறங்கிய நீர் இருட்டில் ஊர்ந்து ஊர்ந்து நீல ஊற்றுக்கு வந்து சேர 50 முதல் 100 ஆண்டுகள் ஆகின்றன. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்த நீர் என் தாத்தா காலத்து மழையாகவும் இருந்திருக்கலாம்.

நீருக்கு எப்படி வயது சொல்கிறார்கள்? 1950-களிலும் 60-களிலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் வளிமண்டலத்தில் பெருகி மழையோடு கலந்து இறங்கியது. சுமார் பன்னிரண்டே கால் ஆண்டுகளில் அதில் பாதி அழிந்துபோகும். எந்த ஆண்டு மழையில் எவ்வளவு இருந்தது என்ற பதிவும், இன்று நிலத்தடி நீரில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற அளவும் இருந்தால், அந்த நீர் மண்ணுக்குள் போன காலத்தைக் கணித்துவிடலாம். உலகத்தை அழிக்கச் செய்த ஆயுதத்தின் எச்சம், ஒரு மழைத்துளியின் பிறந்த காலத்தைக் கணக்கிட உதவுகிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஊற்று நீரின் வெப்பம் கோடையிலும் குளிர்காலத்திலும் 11 டிகிரி. பூமிக்குள் சில பத்து மீட்டர் போய்விட்டால் பருவங்களின் ஏற்ற இறக்கம் எட்டுவதில்லை. அதனால்தான் ஆண்டு முழுவதும் ஒரே குளிர்ச்சி. அளவு? நிமிடத்துக்கு 42 கன மீட்டர், அதாவது 42,000 லிட்டர். நம் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் 12,000 லிட்டர் லாரி பதினேழு நொடியில் நிரம்பிவிடும். அவ்வளவு நீரும் கொப்பளிப்போ சத்தமோ இல்லாமல் வருகிறது. நியூசிலாந்தில் பாட்டிலில் அடைத்து விற்கும் தண்ணீரில் பாதிக்கும் மேல் இந்த ஊற்றிலிருந்து போகிறது. பாட்டிலை வாங்கும்போது ஒரு பொருளை வாங்குகிறோம் என்று நினைக்கிறோம். ஒரு பீடபூமியின் அரை நூற்றாண்டு உழைப்பு அது. ஆலை செய்வது நிரப்புவதும் மூடி போடுவதும் மட்டும்தான்.

நீல ஊற்றில் குளிக்கத் தடை இருக்கிறது. இவ்வளவு தூரம் நடந்து போய், இறங்காமல் திரும்புவதா என்று என் மருமகனே கேட்டார். நமக்கு நீரைக் கண்டால் தலையில் ஒரு கை அள்ளித் தெளித்துக்கொள்ளும் பழக்கம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் முன்பு கோடை விடுமுறையில் கூட்டம் கூட்டமாய் வந்து குதித்ததில் கரை சரிந்தது, நீர்ச்செடிகள் மிதிபட்டன. அதன் பிறகே தடை வந்தது. தென்தீவில் டாக்கக்கா என்ற ஊருக்கு அருகே தே வைக்கோரோபுபு என்றொரு ஊற்றுத் தொகுதி உண்டு. 1993-இல் அளந்தபோது அதன் நீருக்குள் 63 மீட்டர் தூரம் வரை பார்க்க முடிந்தது. மாவோரி மக்களுக்கு அது புனித நீர். அங்கே கைகூட நனைக்கக் கூடாது. தொடாமல் நிற்பதும் ஒரு வழிபாடு என்பதை நான் அந்த நாட்டில்தான் கற்றுக்கொண்டேன். கர்ப்பகிரகத்துக்கு வெளியே நின்று பார்க்கத் தெரிந்த நமக்கு அது கடினமே அல்ல.

ஆனால் கைப்பிடி போட்டு ஊற்றைக் காத்துவிட முடியாது. இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். ஊற்றைக் காப்பது மேட்டு நிலத்தில். மேட்டில் மாடு அதிகமானால், உரம் அதிகமானால், அவற்றிலிருந்து வரும் நைட்ரேட் என்ற உப்பு மழையோடு சேர்ந்து இறங்குகிறது. பாறை மண்ணை வடிகட்டும். கரைந்துபோன நைட்ரேட்டை வடிகட்டாது. அது கீழே வந்து சேரவும் அதே ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு. இன்று ஊற்று தெளிவாக இருக்கிறது என்பதால் இன்றைய வேளாண்மை சரியாக இருக்கிறது என்று பொருள் ஆகாது. தாத்தா காலத்து மண் நன்றாக இருந்தது என்றுதான் பொருள். கெட்டது தெரியவரும் நாளில், கெடுத்தவர்கள் இருக்க மாட்டார்கள். அன்றைக்கே நிறுத்தினாலும் அடுத்த ஐம்பது ஆண்டுக்குக் கெட்டது வந்துகொண்டே இருக்கும். தே வைக்கோரோபுபு ஊற்றுக்கு 2023-இல் நீர்ப் பாதுகாப்பு ஆணை பிறந்ததற்கு இந்த அச்சம்தான் காரணம். உள்ளூர் மாவோரி மக்கள் பல ஆண்டுகள் விடாமல் போராடிப் பெற்ற ஆணை அது.

கிணறு வெட்டும்போது நீர் பீறிட்டால் 'கண் திறந்தது' என்று நம்மவர்கள் சொல்வார்கள். ஊற்றுக்கண் என்பது எவ்வளவு பொருத்தமான சொல்! கண்ணைத் துடைக்கலாம், மூடி வைக்கலாம். பார்வை எங்கிருந்து வருகிறது என்பது வேறு விஷயம்.

அன்று மாலை நாங்கள் ரோட்டருவாவுக்குப் புறப்பட்டோம். சாலை மமாக்கு மேட்டில் ஏறி இறங்குகிறது. ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. காரின் கண்ணாடியில் நீர் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, "தாத்தா, இந்த மழை எப்போது அங்கே வரும்?" என்று கேட்டாள். 50 ஆண்டு என்றால் உனக்கு 59 வயது என்றேன். வண்டியை நிறுத்தச் சொன்னாள். சாலையோரப் புல்லில் குடையோடு இறங்கி நின்றோம். கால் மணி நேரமாய்க் கொட்டிய மழை. அந்தப் புல்லில் எங்கும் நீர் தேங்கியிருக்கவில்லை. விழுந்த இடத்திலேயே உள்ளே போய்க்கொண்டிருந்தது.