பௌர்ணமித் தாள்ல பென்சில் எழுத்து

எல்லாருக்கும் வணக்கம். நிலையாமைங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எங்க வீட்டு தினசரி காலண்டர்தாங்க ஞாபகம் வரும். காலைல எழுந்ததும் அதுல தாள் கிழிக்கிறது எங்கப்பா வேலை, அவர் போனப்புறம் அதை யாரும் தொடல, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்கள்லாம் கெளம்பினப்புறம் நான் ஒவ்வொண்ணா கிழிச்சேன், பௌர்ணமித் தாள்ல பென்சில்ல சின்னதா ‘கிரிவலம்’னு எழுதியிருந்துச்சு. அடுத்த மாசத்துக்கும் இருக்கு. மிச்சமிருந்த 7 பௌர்ணமிக்கும் எழுதி வெச்சிருந்தாரு. திருவண்ணாமலையை அந்த 14 கிலோமீட்டர் சுத்தி வரணும்னு அவருக்கு அவ்ளோ ஆசை, ரிட்டயர் ஆகட்டும், மழை விடட்டும், தங்கச்சி பிரசவம் முடியட்டும்னு தள்ளிக்கிட்டே வந்து ஒரு தடவை கூட போகல.

சாவு வரும்னு நமக்குத் தெரியாமலா இருக்கு, தெரியும், ஆனா இன்னைக்கு இல்லன்னு ஒரு நெனப்பு உள்ளுக்குள்ள சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. 1896 ஜூலைல மதுரைல ஒரு பையனுக்கு அந்த நெனப்பு ஒரே நாள்ல ஒடைஞ்சு போச்சு. வேங்கடராமன், 16 வயசு, சித்தப்பா வீட்டு மாடில தனியா இருக்கான், உடம்புக்கு ஒண்ணுமில்ல, திடீர்னு சாகப் போறோம்னு பயம் புடிச்சுக்குது. நாமளா இருந்தா டாக்டர்கிட்ட ஓடியிருப்போம். அவன் கை கால விறைப்பா நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, வாயை இறுக்கி மூடிக்கிட்டான், சரி இந்த உடம்பு செத்துப் போச்சு, சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போய் எரிச்சிடுவாங்க, அப்ப நான் செத்துட்டேனான்னு தனக்குள்ளயே பாத்தான். பயந்து ஓடாம பயத்து மூஞ்சிய நேரா பாத்தான் பாருங்க, அதுதாங்க பெரிய விஷயம். அப்புறம் அண்ணன் ஃபீஸ் கட்ட எடுத்துக்கச் சொன்ன 5 ரூபாய்ல 3 மட்டும் எடுத்துக்கிட்டு, மிச்சம் 2 ரூபாயை லெட்டரோட வெச்சுட்டு, செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேந்தான். நாம பகவான் ரமணர்னு கும்புடுறது அந்தப் பையனைத்தான்.

எல்லாம் நிலையில்லன்னு புரிஞ்சா எல்லாத்தையும் விட்டுட்டு சும்மா உக்காந்துடணும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, எனக்கு அது சரியாப் படல. ரமணர் விடியறதுக்கு முன்னாடியே ஆசிரம அடுக்களைல உக்காந்து காய் நறுக்குவாரு, கீழ சிந்துன அரிசியைக் குனிஞ்சு பொறுக்குவாரு. எதுவும் நிக்காதுன்னு 16 வயசுலயே பாத்தவர் எதுக்கு ஒரு அரிசிக்குக் குனியணும், யோசிச்சுப் பாருங்க. கையில இருக்கிற இந்த நிமிஷத்துல முழு மனசா இருக்கறதுதான் ஆன்மிகப் பயிற்சி, தனியா ஒரு நாள் பாத்து ஆரம்பிக்கிறது இல்லன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது.

1949ல ரமணருக்கு இடது கையில புத்துக்கட்டி வந்து, ஆபரேஷன் மேல ஆபரேஷன் பண்ணியும் திரும்பத் திரும்ப வந்துச்சு, அப்பவும் வர்றவங்களுக்கு தரிசனத்தை நிறுத்தக் கூடாதுன்னுட்டாரு. 1950 ஏப்ரல் 14 ராத்திரி, வெளிய பக்தர்கள் அருணாசல சிவான்னு பாட, கண்ணோரம் தண்ணி வழிய, மூச்சு அமைதியா அடங்குச்சு.

நான் அப்பாவோட தலைத்திவசம் முடிஞ்ச மறுநாளே கெளம்பிட்டேன், பௌர்ணமிக்குக் காத்திருக்கல. ஒரு புதன்கிழமை, கூட்டமே இல்ல. ரமணாசிரம வாசலைத் தாண்டும்போது வெயில் ஏறி வெறுங்கால் சுட்டுச்சு. அந்த 7 தாளும் சட்டைப் பையில இருந்துச்சு.